வெயிலா கொன்றது?

விளையாட்டுக் களத்திலே ஓர் இளைஞன் இறந்துவிட்டால், அம்மரணத்துக்குப் பொறுப்பானவரைத் தேடும் முயற்சி பெரும்பாலும் அவனது பிரேதத்துக்கு அப்பாற் செல்வதில்லை. அவன் உடல் பலவீனமானது என்பர் சிலர்; ஏதோ மருந்து உட்கொண்டான் என்பர் வேறு சிலர்; வெயில் கொடியது, விதி வலியது என்று கூறிக் கைகழுவுவர் இன்னுஞ் சிலர். போட்டிக்கு நேரங் குறித்தவர் யார், பாதை வகுத்தவர் யார், இளைத்தவன் இறங்கிக்கொள்ள இயலாதவாறு விதி எழுதியவர் யார் என்ற வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. இறந்தவன் வாய் திறக்கமாட்டான். நேரங் குறித்தவரோ மறுநாள் அனுதாபக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். இவ்வழக்கத்தை இனியும் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. நம் பாடசாலை மைதானங்கள் வரை நீளும் வினா இது. எனினும் அதனைத் தெளிவுற விளங்கிக்கொள்ள, அறுபதாண்டுகளுக்கு மேலாக உலகம் பிழையாகவே சொல்லிவரும் ஒரு கதையிலிருந்து தொடங்குதல் நலம்.

1960 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 ஆந் திகதி, உரோமாபுரி ஒலிம்பிக் விழாவிலே நூறு கிலோமீற்றர் குழுச் சைக்கிளோட்டப் போட்டி நடைபெற்றது. ஒலிம்பிக்கில் இவ்வகைப் போட்டி நடைபெற்றது அதுவே முதன்முறை. அன்றைய வெப்பம் நாற்பது பாகை செல்சியஸை அண்மித்திருந்தது. டென்மார்க்கின் நால்வர் அணியிலே ஒருவன் க்னூட் எனெமார்க் ஜென்சன், வயது இருபத்துமூன்று. சைக்கிளோட்டத்தால் வயிறு வளர்ப்பவனல்லன். விருப்பின் பொருட்டு ஓட்டும் அமெச்சூர் வீரன். கோடையும் குளிர்ந்திருக்கும் வடநாட்டில் வளர்ந்த அவன், நிழலற்ற அந்தத் தார் வீதியிலே, கொதிக்கும் காற்றைக் கிழித்துக்கொண்டு நூறு கிலோமீற்றர் ஓட்டவேண்டியிருந்தது.

இப்போட்டியின் விதி கவனித்தற்குரியது. அணியில் நால்வர் புறப்படுவர். மூன்றாவதாக எல்லையைக் கடப்பவனின் நேரமே அணியின் நேரம். நால்வரில் ஒருவன் விலகலாம். இருவர் விலகினால் அணி முழுவதும் தோற்றதாகிவிடும். டேனிய அணியில் ஒருவன் முதற் சுற்று முடிவிலேயே வெயிலுக்கு இரையாகி விலகிவிட்டான். எஞ்சியவர் மூவர். அக்கணத்திலிருந்து அம்மூவரில் எவனுக்கும் இளைக்கும் உரிமை இல்லாது போயிற்று. தலை சுற்றினாலும் கண் இருண்டாலும் இறங்கக் கூடாது. இறங்கினால் மற்றை இருவரின் உழைப்பும் நாட்டின் பெயரும் வீணாகிவிடும். ஜென்சன் தள்ளாடியபோது தோழன் ஒருவன் அவன் சட்டையைப் பற்றித் தாங்கினான். மற்றவன் தண்ணீர் தெளித்தான். சற்றுத் தெளிவு பிறந்ததென எண்ணிப் பிடியைத் தளர்த்தினர். அவன் வீதியிலே விழுந்தான். தலை மோதி மண்டையோடு பிளந்தது. அருகிலே வெயிலில் வெந்துகொண்டிருந்த கூடாரமொன்றுக்குத் தூக்கிச் சென்றனர். நினைவு திரும்பாமலே அன்று பிற்பகல் அவன் உயிர் பிரிந்தது.

இனி, இக்கதை எவ்வாறு திரிக்கப்பட்டது என்பதை நோக்குவோம். குருதிக் குழாய்களை விரிக்கும் 'ரொனிக்கோல்' என்னும் மருந்தைத் தாம் வீரர்களுக்குக் கொடுத்ததாக அணியின் பயிற்றுநர் விசாரணையிற் கூறினார். பின்னர் அக்கூற்றை அவரே மீளப் பெற்றார். இத்தாலிய மருத்துவர்கள் 1961 இல் வெளியிட்ட பிரேத பரிசோதனை முடிவோ, மரணத்துக்குக் காரணம் வெப்பத் தாக்கம் என்றே கூறிற்று. ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது முடிவை அன்று, வதந்தியையே. 'ஒலிம்பிக் களத்தில் ஊக்கமருந்தால் மாண்ட முதல் வீரன்' என்று நூலுக்கு நூல், நாளிதழுக்கு நாளிதழ் எழுதப்பட்டது. ஒலிம்பிக் குழு 1967 இலே தனது மருத்துவ ஆணைக்குழுவைச் சீரமைத்து, 1968 இலே ஊக்கமருந்துச் சோதனையைத் தொடங்கியபோது, அந்நடவடிக்கைக்கு எடுத்துக்காட்டாக நின்றவற்றுள் ஜென்சனின் பெயரும் ஒன்று. 2005 இலே டேனிய ஆய்வாளர் வேர்னர் மோலர் இக்கதையின் ஆதாரங்களை மீண்டும் துருவி ஆராய்ந்து, ஊக்கமருந்துக் கதை எத்துணை பலவீனமான அடித்தளத்தில் நிற்கிறது என்பதை எடுத்துக்காட்டினார். பரிசோதனையிற் பங்குகொண்ட மருத்துவரொருவர் பல்லாண்டுகள் கழித்து மருந்தின் தடயம் இருந்ததெனக் கூறியதும் உண்டு. எழுத்தில் நிலைத்த முடிவை அக்கூற்று மாற்றிவிடவில்லை.

ஒரு பேச்சுக்கு, அவன் மருந்து உட்கொண்டான் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன மாறிவிடும்? இளைஞர்களை அவ்வேளையில் அவ்வீதிக்கு அனுப்பியது மருந்தா? மூவரும் முடித்தாக வேண்டும் என்று விதி எழுதியது மருந்தா? மயங்கியவனைக் குளிர்நீரிற் கிடத்தாது சூடேறிய கூடாரத்திற் கிடத்தியது மருந்தா? ஊக்கமருந்து தீயது; அதற்கெதிரான போராட்டம் நியாயமானது. ஆனால் ஊக்கமருந்தைத் தேடுவதற்கு வீரனின் சிறுநீரைச் சோதித்தாற் போதும். நேரசூசியைச் சோதிப்பதென்றால் ஏற்பாட்டாளரின் மேசையை அல்லவா சோதிக்கவேண்டும்? முன்னையது எளிது, பின்னையது சங்கடமானது. எனவேதான் முன்னையது விதியாயிற்று, பின்னையது மறக்கப்பட்டது.

இது தற்செயலாக நிகழ்ந்த ஒன்றன்று. 1912 ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்திலே போர்த்துக்கல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ கடும் வெயிலில் மயங்கி வீழ்ந்து மறுநாள் மாண்டான். தச்சுத் தொழிலாளி அவன். நவீன ஒலிம்பிக்கின் முதற் பலி அவனே. அவனைப் பற்றி இன்றும் சொல்லப்படுவது யாது? வெயிலிலிருந்து காத்துக்கொள்ள உடலெங்கும் கொழுப்பைப் பூசினான். வியர்வை வெளியேற வழியின்றி இறந்தான் என்பதே. தச்சன் பூசிய கொழுப்பு வரலாற்றில் நிலைத்துவிட்டது; ஜூலை மாத நடுப்பகலிலே நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடவிட்டவர்களின் தீர்மானம் வரலாற்றிலிருந்து வழுவிவிட்டது. 1912 இலே கொழுப்பு. 1960 இலே மருந்து. பெயர் மாறிற்று; தந்திரம் மாறவில்லை.

'அக்காலத்திலே இவையெல்லாம் யாருக்குத் தெரியும்? வெயிலை யார் தடுக்க இயலும்?' என்று கேட்போரும் உளர். தெரிந்தே இருந்தது என்பதுதான் உண்மை. 1950களிலே அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையின் பயிற்சி முகாம்களில் இளம் வீரர்கள் வெப்பத் தாக்கத்தால் வீழ்ந்துகொண்டிருந்தனர். அதனைத் தடுக்கும் பொருட்டு யாக்லோ, மினார்ட் ஆகியோர் காற்றின் வெப்பம், ஈரப்பதன், வெயிலின் நேரடிச் சூடு ஆகியவற்றை ஒருங்கே கணிக்கும் அளவீட்டு முறையொன்றை வகுத்து, 1957 இலே வெளியிட்டனர். அளவு ஓர் எல்லையைத் தாண்டினால் பயிற்சியைக் குறைக்கவேண்டும். மேலும் தாண்டினால் நிறுத்தவேண்டும். உரோமாபுரிப் போட்டிக்கு மூன்றாண்டுகள் முன்னரே இவ்வறிவு அச்சில் இருந்தது. போருக்குப் பயன்படும் உடலைக் காக்க அவ்விஞ்ஞானம் விரைந்து வந்தது. பதக்கத்துக்கு ஓடும் உடலைக் காக்க அது அழைக்கப்படவில்லை. எந்த உடல் யாருக்கு எப்போது பயன்படும் என்ற கணக்கே, விஞ்ஞானம் எவ்விடத்திற் செயற்படவேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றது.

வெப்பம் உடலை எவ்வாறு வீழ்த்துகின்றது என்பது ஆசிரியர் யாவரும் அறிந்திருக்க வேண்டியதொன்று. தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே இயக்கமாகின்றது. எஞ்சியது வெப்பமாக உடலுக்குள்ளே தேங்குகின்றது. அதனை வெளியேற்றும் பிரதான வழி வியர்வை. வியர்வை வெறுமனே வழிந்தாற் போதாது; ஆவியாதல் வேண்டும். காற்று ஏற்கனவே ஈரம் நிறைந்ததாயின் வியர்வை ஆவியாகாது சொட்டிப் போகும், உடல் குளிராது. உடலின் உள்வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்குவதே வெப்பத் தாக்கத்தின் அடையாளம். அந்நிலையில் உள்ளவன் தள்ளாடுவான், பிதற்றுவான், சிலவேளை தான் நலமாயிருப்பதாகவே கூறுவான். 'இயலுமா?' என்று அவனைக் கேட்டு, 'இயலும்' என்ற விடையை நம்புவது பேதைமை; விடை கூறவேண்டிய மூளையே அல்லவா வெந்துகொண்டிருக்கிறது! அவனை உடனே குளிர்நீரில் அமிழ்த்தவேண்டும். முதலிற் குளிர்வித்தல், பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் என்பதே மருத்துவர்கள் இன்று வகுத்துள்ள முறை. புதிய வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். இவற்றுள் எதுவும் மனத்திடத்தால் மாற்றக்கூடியதன்று. நீர் எவ்வெப்பநிலையிற் கொதிக்கும் என்பது அதனைக் கொதிக்க வைப்பவனின் வீரத்தைப் பொறுத்ததா என்ன?

இவ்விடத்தில் 'அமெச்சூர்' என்ற சொல்லின் வரலாற்றையும் சிறிது கிளறிப் பார்த்தல் வேண்டும். பணத்துக்காக அன்றி அன்புக்காக விளையாடுதல் என்ற உயர்ந்த பொருளே இச்சொல்லுக்கு வழங்கப்பட்டுள்ளது. ஆயின் அதன் பிறப்பு அத்துணை உயர்ந்ததன்று. 1879 இலே இங்கிலாந்தின் ஹென்லி படகோட்டப் போட்டிக்கு வகுக்கப்பட்ட விதி, கூலிக்கு உழைக்கும் கம்மியர், கைவினைஞர், தொழிலாளர் ஆகியோர் அமெச்சூர் ஆகார் எனக் கூறிற்று. அவ்விதி நீக்கப்பட்டது 1937 இல். அதாவது, விளையாட்டிலே ஊதியம் பெற்றவனை மட்டுமன்று, வாழ்க்கையிலே ஊதியம் பெற்று உழைப்பவனையும் களத்துக்கு வெளியே நிறுத்துவதற்காகவே இச்சொல் முதலிற் பயன்பட்டது. காலமாற்றத்தால் உழைப்பவனின் பிள்ளைக்கும் கதவு திறந்தது. ஆனால் உள்ளே வந்தவனுக்குக் கிடைத்தது யாது? உழைப்பு முழுவதும் அவனுடையது. ஆபத்து முழுவதும் அவனுடையது. ஊதியம் கேட்டால் அவன் களங்கமுற்றவன். 1952 முதல் 1972 வரை ஒலிம்பிக் குழுவின் தலைவராயிருந்து அமெச்சூர் தூய்மையை விடாப்பிடியாகக் காத்த அவரி பிரண்டேஜ், சிக்காகோ நகரிலே கட்டட ஒப்பந்தத் தொழிலாற் பெருஞ் செல்வம் ஈட்டியவர். ஊதியமின்மையின் பெருமையை, ஊதியம் தேவையில்லாதவர் பேசக் கேட்பதிலே ஓர் இனிமை இருக்கத்தான் செய்கிறது!

ஊதியம் பெறுபவனின் நிலை மட்டும் மேலானதா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற சைக்கிளோட்டம் 1903 இலே பிறந்ததே ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்குவதற்காகத்தான். 1924 இலே அவ்வோட்டத்திலிருந்து விலகிய பெலிசியே சகோதரர்கள், உணவுச்சாலையொன்றில் அமர்ந்து பத்திரிகையாளர் அல்பேர் லோந்திரிடம் தம் பைகளைத் திறந்து, தாம் எவ்வெவ் மருந்துகளால் ஓடுகிறோம் என்பதைக் காட்டினர். சுமை பெரிதானதால் மருந்து வந்தது. மருந்து வந்ததாற் சுமை பெரிதாகவில்லை. 1967 ஜூலையிலே வென்ரூ மலைச்சரிவில் மாண்ட ஆங்கிலேயத் தொழில்முறை வீரன் ரொம் சிம்சனின் உடலிலே ஊக்கமருந்து இருந்தமை நிறுவப்பட்டது. அன்றும் வெயில் எரித்தது, மலை செங்குத்தாயிருந்தது. ஊதியம் பெறுபவன் முதலாளிக்காக வேகிறான். ஊதியம் பெறாதவன் கொடிக்காக வேகிறான். அடுப்பு ஒன்றுதான்.

வீரர்களே தமக்கான பாதுகாப்பை எதிர்க்கின்றனரே என்பது இன்னொரு வாதம். இதிலே உண்மை இல்லாமலில்லை. 1991 இலே உலகச் சைக்கிளோட்ட ஒன்றியம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முனைந்தபோது தொழில்முறை வீரர்களே கிளர்ந்தெழுந்து தடுத்தனர். 2003 மார்ச்சில் பாரிஸ் - நீஸ் ஓட்டத்தில் வீழ்ந்து கசாக்கிஸ்தான் வீரன் அந்திரேய் கிவிலேவ் இறந்த பின்னரே அவ்விதி நிலைபெற்றது. ஆயின் இதிலிருந்து பெறவேண்டிய பாடம் யாது? போட்டியில் உள்ளவன் தனியொருவனாகத் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. அருகில் ஓடுபவன் கவசமின்றி, நீரின்றி, நிழலின்றி ஓடும்போது இவனும் அவ்வாறே ஓடியாக வேண்டும். ஆகவேதான் விதி எல்லோர்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். ஆலைத் தொழிலாளி ஒருவன் தனித்து நின்று எட்டுமணி நேர வேலையைப் பெற்றதுண்டா?

நம் நாட்டுக்கு வருவோம். ஆண்டுதோறும் முதலாந் தவணையிலே, தைப்பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கும் காலத்திலேதான், நமது பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றுக்கு முன்னோடியாக மரதன் ஓட்டமும் சைக்கிளோட்டமும் வைப்பது வழக்கம். விருந்தினர் வரும்வரை ஆரம்பம் தாமதமாகும். கொடியேற்றமும் உரைகளும் முடியும்போது சூரியன் உச்சியை நாடும். ஓட்டத்தை முடிக்கும் ஒவ்வொருவனுக்கும் இல்லத்துக்குப் புள்ளி உண்டு எனச் சில பாடசாலைகள் விதித்துள்ளன. உரோமாபுரியின் மூன்றாம் வீரன் விதி இங்கே இல்லப் புள்ளியாக மறுபிறவி எடுத்துள்ளது! காலையுணவின்றி வந்த பிள்ளையும், முதல்நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளையும், தன் இல்லத்தின் பெயருக்காக ஓடுகின்றது. கடலோர ஈரக் காற்றிலே வியர்வை உலர்வதில்லை என்பதை எவரும் அப்பிள்ளைக்குச் சொல்வதில்லை.

2024 மார்ச்சிலே கிழக்கிலங்கையில் பாடசாலை மரதன் ஓட்டமொன்றிற் பங்குபற்றிய மாணவனொருவன் உயிரிழந்தான். அம்மரணத்தின் மருத்துவக் காரணத்தை விசாரிப்பது அதற்குரியோரின் பணி. அதே வெயிற் பருவத்திலேதான் வெளிக்களச் செயற்பாடுகளைக் கட்டுப்படுத்துமாறு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் விடுக்கப்பட்டிருந்தது என்பதை மட்டும் இங்கு நினைவூட்டுகிறேன். அறிவுறுத்தல் அதிபரின் கோப்பிலே நிழலில் உறங்கலாம். பிள்ளை மட்டும் வெயிலில் ஓடலாம் என்ற நிலை எங்கேனும் இருந்தால், அது வெயிலின் குற்றமன்று.

'இப்படியெல்லாம் அஞ்சினால் பிள்ளைகள் கோழைகளாகிவிடுவர். வீரம் எங்கிருந்து வரும்?' என்பது நம்மவரின் பழைய கேள்வி. விழுப்புண்ணையும் நடுகல்லையும் போற்றிய மரபினர் நாம். தமிழ் கற்பிக்கும் நானும் அம்மரபை வகுப்பறையிலே பெருமையோடு விளக்குபவனே. ஆயின் நடுகல் எழுப்பியவர்கள், வீழ்ந்தவன் யாருக்காக வீழ்ந்தான் என்பதையும் கூறினர்: கவரப்பட்ட ஆநிரையை மீட்கையில், ஊரைக் காக்கையில் வீழ்ந்தான் என்றனர். விருந்தினரின் தாமதத்துக்காக ஒருவன் வீழ்ந்தால் எந்தக் கல்லிலே எதனைப் பொறிப்பது? உடலை வருத்திப் பயிற்றுவித்தல் வேறு. பயிற்சியின்றி ஒரே நாளில் வெயிலில் நிறுத்துதல் வேறு. முன்னையது கல்வி, பின்னையது பலி. வீரத்தின் பெயரால் இவ்விரண்டையும் ஒன்றாக்குபவர், பெரும்பாலும் பந்தலின் கீழ் நாற்காலியில் அமர்ந்திருப்பவரே.

மாற்றம் இயலாததன்று. 2019 இலே, தோக்கியோ ஒலிம்பிக்கின் மரதன் ஓட்டத்தை வெப்பத்துக்கு அஞ்சி எண்ணூறு கிலோமீற்றர் வடக்கேயுள்ள சப்போரோ நகருக்கு மாற்றினர். 2021 இலே போட்டி நிகழ்ந்தபோது, பெண்களின் ஓட்டத்தை முதல்நாளிரவு முடிவெடுத்து ஒரு மணித்தியாலம் முன்னரே தொடக்கினர். கோடிக்கணக்கான பணமும் உலகத் தொலைக்காட்சியும் பிணைந்திருந்த போட்டியையே நகர்த்த இயலுமாயின், ஒரு கிராமத்துப் பாடசாலையின் ஓட்டத்தைக் காலை ஆறு மணிக்கு நகர்த்த இயலாதா? சூரியனை நகர்த்த எவராலும் இயலாது. கடிகாரத்தை நகர்த்த அதிபர் ஒருவராலேயே இயலும்.

எனவே ஆசிரிய நண்பர்களே, நாம் கேட்பது பெரிதன்று. நெடுந்தூர ஓட்டமும் சைக்கிளோட்டமும் வெயில் ஏறுமுன் முடிதல் வேண்டும். போட்டிக்கு இரு வாரம் முன்னரேனும் பயிற்சி தொடங்குதல் வேண்டும். காய்ச்சலுற்றவனையும் பசித்தவனையும் கேட்டறிந்து நிறுத்துதல் வேண்டும். பாதை நெடுக நீரும், முடிவிடத்திலே நிழலும், ஒரு பெரிய தொட்டி நிறையக் குளிர்நீரும் வேண்டும். தொட்டிக்கு ஆகும் செலவு வெற்றிக் கேடயத்தின் விலையைவிடக் குறைவே. யாவற்றுக்கும் மேலாக, இறங்க விரும்பும் பிள்ளை தன் இல்லத்துக்கு எவ்வித இழப்புமின்றி இறங்கும் உரிமை, போட்டி விதியிலே எழுத்தில் இருத்தல் வேண்டும். இவையின்றி நடத்தப்படும் போட்டிக்கு நேரங்காப்பாளராக நிற்க மறுப்பதும் ஆசிரியரின் கடமையே.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று கூறவேண்டும். ஓடுங்கள், சைக்கிளை விரைந்து மிதியுங்கள், வெல்லுங்கள். உடலின் ஆற்றலை அறிந்து வளர்ப்பது மனிதனின் பெரும் மகிழ்ச்சிகளில் ஒன்று; அது செல்வரின் தனியுடைமையன்று. ஆனால் அருகில் ஓடும் தோழன் தள்ளாடுவானாயின், அவன் சட்டையைப் பற்றித் தாங்கிக்கொண்டு மேலும் ஓடாதீர்கள். நின்றுவிடுங்கள், அவனையும் நிறுத்துங்கள். அன்று உரோமாபுரியிலே அவ்விரு தோழர்களும் செய்தது அன்பினாலேதான். நிற்பதற்கு அவர்களுக்கு விதி இடந்தரவில்லை. அவ்விடத்தைப் பெறுவதே நமது போராட்டம். அடுத்த முறை ஒரு பிள்ளை களத்திலே சரியும்போது, அவன் என்ன உண்டான், என்ன பூசினான் என்று கேட்குமுன், நேரசூசியிலே கையொப்பமிட்டவர் யார் என்று உரக்கக் கேட்போம்.